திருச்சபை மீதான புகார்களும் பத்திரிகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாத கத்தோலிக்கனும்கூட. இந்த இரண்டும் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த மக்களிடையே, எல்லோருக்கும் தெரியும். அதனால் எங்காவது ஒரு குருவானவர் கைதானால், அந்த வாரம் கோவில் வாசலிலும் அன்பியக் கூட்டத்திலும் (பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக்கூட்டம்) என்னைத்தான் பிடித்துக் கேட்பார்கள். பல வருடமாக அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, என்னால் முடிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

1. "பத்திரிகைக்காரங்களுக்கு நம்ம சபைமேல அப்படி என்ன கோபம்? எப்பப் பாத்தாலும் சாமியார் செய்திதானா?"

கோபம் என்று நான் நினைக்கவில்லை. மக்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒருவர் மீது புகார் வந்தால் அது எந்த ஊரிலும் பெரிய செய்திதான். ஆசிரியர், டாக்டர், நீதிபதி, சாமியார் எல்லோருக்கும் அது பொருந்தும். பலாத்கார வழக்குகளில் சாமியார் ஆசாராம் பாபு 2018-ல் ஆயுள் தண்டனை பெற்றபோதும், இன்னொரு சாமியார் குர்மீத் ராம் ரஹீம் 2017-ல் தண்டிக்கப்பட்டபோதும் நாட்டில் எந்தப் பத்திரிகையும் அதைச் சின்னதாகப் போடவில்லை. ராம் ரஹீம் மீதான பெயரில்லாத புகார்க் கடிதத்தை வெளியிட்ட சிர்சா நகரத்துச் சிறு பத்திரிகையின் ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி 2002-ல் சுடப்பட்டு உயிரையே விட்டார்.

நம் வீட்டுச் செய்தி நமக்கு உறைக்கிறது, மற்றதைப் படித்துவிட்டுத் தாளைப் புரட்டிவிடுகிறோம். நம்மையே குறிவைக்கிறார்கள் என்ற எண்ணம் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகிறது. மீதியில் நியாயமான மனக்குறையும் உண்டு. அது போகப் போக வரும்.

2. "இதெல்லாம் நம்மளப் பிடிக்காதவங்க கிளப்பிவிட்டதுதானே?"

இல்லை. இதை நான் அழுத்தியே சொல்கிறேன். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் குரு ஒருவர் பல சிறுவர்களைச் சீரழித்த விவகாரத்தை 1985-ல் நாடு முழுக்கத் தெரியவைத்தது 'நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்டர்'. பெயரே சொல்கிறது, அது கத்தோலிக்கர்கள் நடத்தும் பத்திரிகை. அங்கேயே இருந்து அதைத் தோண்டி எழுதிய ஜேசன் பெரியும் கத்தோலிக்கர்தான்.

அப்புறம் பாஸ்டன். 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் 2002 ஜனவரி 6 அன்று முதல் கட்டுரையை வெளியிட்டது. ஜான் கேகன் என்ற குரு மீது 130 பேருக்கு மேல் புகார் சொல்லியிருந்தார்கள். விஷயம் தெரிந்தும் மறைமாவட்ட நிர்வாகம் (ஓர் ஆயருக்குக் கீழ் வரும் பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம்) அவரைப் பங்கு பங்காக மாற்றிக்கொண்டே இருந்தது. இதை அவர்கள் யூகித்து எழுதவில்லை. முத்திரையிட்டு வைத்திருந்த வழக்கு ஆவணங்களைத் திறக்கச் சொல்லி நீதிமன்றம் போய், சபையின் சொந்தக் கடிதங்களையே கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அந்த மறைமாவட்டத்தின் தலைவர் கர்தினால் பெர்னார்டு லா பதவி விலகினார். பத்து வருடத்துக்கு முன்னால், 1992-ல், வேறொரு குருவைப் பற்றிய செய்திகளுக்காக இதே பத்திரிகையின் மேல் கடவுளின் வல்லமை இறங்கட்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர்.

திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் 2018 கிறிஸ்துமஸ் உரையில் உண்மையாக உழைத்து இந்தக் குற்றங்களை வெளியே கொண்டுவந்த பத்திரிகையாளர்களுக்கு நன்றி சொன்னார். 2021-லும் சொன்னார். திருத்தந்தையே நன்றி சொல்லும் வேலையைச் 'சதி' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

3. "புகார் வந்த உடனேயே குற்றவாளி மாதிரி எழுதறாங்களே, அது நியாயமா?"

நியாயம் இல்லை. புகார், எஃப்.ஐ.ஆர்., கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஒரு வழக்குக்குப் பல படிகள் உண்டு. "பலாத்காரம் செய்த பாதிரியார்" என்று எழுதினால் பத்திரிகையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பலாத்காரம் செய்ததாகப் புகார்" என்று எழுதினால் நடந்ததை மட்டும் சொல்கிறது. இரண்டு சொல்தான் வித்தியாசம். இரவு பதினொரு மணிக்குப் பக்கம் போக வேண்டிய அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டு சொல்தான்.

என் கையாலேயே அது நடந்திருக்கிறது. ஒரு பள்ளியின் தாளாளராக இருந்த குரு பணமோசடிப் புகாரில் கைதானபோது முதல் பக்கத்தில் படத்தோடு போட்டோம். ஆறு வருடம் கழித்து அவர் விடுதலையான செய்தியை நிருபர் நாலு வரியில் அனுப்பினார். இடமில்லை என்று அதை நான் இரண்டு வரியாக்கி, ஒன்பதாம் பக்கத்தில் டெண்டர் விளம்பரத்துக்கு மேலே வைத்தேன். அந்தக் குரு தீர்ப்பு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அன்னைக்குப் போட்ட இடத்துல வேணாம் சார். என் பேரையாவது முழுசாப் போட்டிருக்கலாம்" என்றார். அந்த இரண்டு வரியில் அவர் பெயர் இல்லை. மறுபடி போடலாம் என்று நான் மேலே கேட்டேன். பழைய செய்தி என்று மறுத்துவிட்டார்கள். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பத்திரிகைகள் கொஞ்சமாக எழுதவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆரம்பித்ததை முடிவு வரைக்கும் எழுதவேண்டும். நியாயம் என்று நான் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

4. "விடுதலை ஆயிட்டாருன்னா நிரபராதின்னுதானே அர்த்தம்? அப்புறமும் ஏன் பேசறாங்க?"

ஜலந்தர் ஆயராக இருந்த பிராங்கோ முளய்க்கல் மீது கேரளாவின் குறவிலங்காடு மடத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் 2018 ஜூனில் பலாத்காரப் புகார் கொடுத்தார். செப்டம்பரில் ஆயர் கைதானார். 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போனது. 2023-ல் அவர் ஆயர் பதவியிலிருந்து விலகினார். இதில் எந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதினாலும் அது பாதிச் செய்தி. விடுதலையைச் சொல்லாமல் கைதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். விடுதலையானதால் அந்தச் சகோதரி பொய் சொன்னார் என்று முடிவு கட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஒருவர் மீதான குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டதா என்பதுதான் நீதிமன்றம் தீர்மானிக்கும் விஷயம். புகார் சொன்னவர் பொய்யரா என்பது வேறு கேள்வி.

ஆஸ்திரேலியாவின் கர்தினால் ஜார்ஜ் பெல் வழக்கு இதைவிடச் சிக்கல். சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்ததாகப் புகார். 2018 டிசம்பரில் நடுவர் குழு (ஜூரி) அவரைக் குற்றவாளி என்றது. 2019-ல் மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அதை ஏற்றார்கள், ஒருவர் ஏற்கவில்லை. 2020 ஏப்ரல் 7 அன்று நாட்டின் உச்சபட்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தார்கள். குற்றம் செய்யாத ஒருவர் தண்டிக்கப்பட்டிருக்கக் கணிசமான வாய்ப்பு உண்டு என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவர் சிறையில் இருந்துவிட்டார். நடுவர் குழுவின் முடிவை வெளியிடக்கூடாது என்ற உத்தரவை மீறிய ஊடக நிறுவனங்களுக்குப் பின்னால் மொத்தம் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது.

இதோடு நிறுத்தினால் நம் ஆட்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு அடுத்த மாதமே அந்நாட்டு அரச விசாரணை ஆணையத்தின் மறைத்துவைத்த பக்கங்கள் வெளியாயின. மற்ற குருக்கள் சிறுவர்களிடம் நடந்துகொண்ட விதம் 1970-களிலேயே பெல்லுக்குத் தெரியும் என்று ஆணையம் முடிவு சொல்லியிருந்தது. அவர் அதை மறுத்தார். ஒரு வழக்கில் அநியாயமாகத் தண்டனை பெற்றவர், வேறொரு விஷயத்தில் பதில் சொல்லவேண்டியவராகவும் இருக்க முடியும். பத்திரிகை இரண்டையும் எழுதவேண்டும்.

5. "பொய்ப் புகாரும் வருதுல்ல? அதை யாரு எழுதறாங்க?"

வருகிறது. குறைவு, ஆனால் வருகிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் சிகாகோவின் கர்தினால் ஜோசப் பெர்னார்டின். 1993 நவம்பரில் ஒரு முன்னாள் குருமாணவர் அவர் மீது பாலியல் புகார் சொல்லி வழக்குப் போட்டார். சி.என்.என். தொலைக்காட்சி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1994 பிப்ரவரியில் அதே மனிதர், தன் நினைவை நம்பமுடியாது என்று வழக்கைத் திரும்பப் பெற்றார். அந்தச் செய்தியும் உலகம் முழுக்கப் போனது. அதை மறக்காமல் சொல்லவேண்டும்.

அந்த நூறு நாளும் பெர்னார்டின் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். குருக்கள் மீதான புகாரை விசாரிக்க, பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்கள், அதிகம் உள்ள தனிக் குழுவை அவரே 1992-ல் அமைத்திருந்தார். தன் மீதான புகாரையும் அந்தக் குழு விசாரிக்கட்டும் என்று ஒப்படைத்தார். நிருபர்களின் கேள்விகளுக்கு நேரில் பதில் சொன்னார். புகார் சொன்னவரைத் திட்டவில்லை. பிறகு எய்ட்ஸ் நோயால் செத்துக்கொண்டிருந்த அந்த மனிதரைத் தேடிப்போய்ச் சந்தித்து, மன்னித்து, திருப்பலி வைத்தார். ஒளிந்துகொள்ளாத ஒருவருக்குப் பத்திரிகையால் நிரந்தரக் கெடுதல் செய்ய முடியவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையாது என்பதும் தெரியும். மூன்றாம் கேள்வியில் சொன்ன குருவுக்கு அமையவில்லை.

6. "அப்போ தீர்ப்பு வர்ற வரைக்கும் பத்திரிகை வாயை மூடிட்டு இருக்கணும், அதுதானே சரி?"

அப்படி இருந்திருந்தால் சகோதரி அபயாவை இந்நேரம் எல்லோரும் மறந்திருப்பார்கள். 1992 மார்ச் 27 அன்று கோட்டயத்தில் ஒரு மடத்தின் கிணற்றில் அவர் உடல் கிடந்தது. உள்ளூர் போலீசும் குற்றப்பிரிவும் தற்கொலை என்று முடித்தார்கள். சி.பி.ஐ.யும் வழக்கை மூட ஒரு தடவைக்கு மேல் அனுமதி கேட்டது, நீதிமன்றம் மறுத்தது. 2008-ல்தான் கைது நடந்தது. 2020 டிசம்பரில், 28 வருடம் கழித்து, ஒரு குருவையும் ஒரு கன்னியாஸ்திரீயையும் சி.பி.ஐ. நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. இத்தனை வருடமும் அந்த வழக்கை அணையவிடாமல் வைத்திருந்ததில் மலையாளப் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் அவர்களின் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. மேல்முறையீட்டுக்காகக் கொடுத்த ஜாமீன் அது. விடுதலை இல்லை.

அதே வழக்கில் பத்திரிகை உலகம் தலைகுனியவேண்டிய விஷயமும் இருக்கிறது. கைதான கன்னியாஸ்திரீக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு செய்தியாக வீடு வீடாகப் போனது. அந்தச் சோதனையே அரசியலமைப்புக்கு விரோதம், ஒரு பெண்ணின் கண்ணியத்தைப் பறிப்பது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொன்னது. கொலைக் குற்றச்சாட்டில் கைதானவர் என்பதால் ஒரு பெண்ணின் உடலைப் பற்றி ஊரே பேசலாம் என்று ஆகிவிடாது. எழுதியதற்கும் அச்சிட்டதற்கும் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்க்கவில்லை.

7. "புகார் சொன்ன பொண்ணு பேரை மட்டும் ஏன் மறைக்கிறாங்க? சாமியார் பேரை மட்டும் போடறாங்க?"

சட்டம் அப்படி. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் சேரும். பெயர் மட்டுமில்லை, முகவரி, படம், குடும்பம், பள்ளிக்கூடம், தெரு என்று எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியக்கூடாது. "இன்ன ஊர் இன்ன கோவில் பாடகர் குழுவில் இருக்கும் 14 வயதுச் சிறுமி" என்று எழுதினால் பெயரைப் போட்டதற்குச் சமம். நம் ஊர்களில் அரைமணி நேரத்தில் யார் என்று தெரிந்துவிடும்.

நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். முளய்க்கல் வழக்கில் புகார் கொடுத்த சகோதரியின் படத்தைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது அவர் சேர்ந்திருந்த துறவற சபையே. அவரைக் கேவலமான வார்த்தையால் பேசியது ஒரு சட்டமன்ற உறுப்பினர். வாட்ஸ்அப்பில் நம் பங்குக் குழுக்களில் சுற்றிய படங்களும் பெயர்களும் பத்திரிகையில் வந்தவை இல்லை. அவற்றை ஃபார்வர்டு செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

8. "லட்சக்கணக்குல குழந்தைங்க பாதிக்கப்பட்டாங்கன்னு போடறாங்க. அந்தக் கணக்கு நம்பற மாதிரி இருக்கா?"

எந்த எண்ணையும் பார்த்தவுடன், இது எண்ணியதா மதிப்பிட்டதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் ஜான் ஜே கல்லூரி 2004-ல் கொடுத்த அறிக்கை எண்ணியது. மறைமாவட்டக் கோப்புகளைப் பார்த்து, 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது 10,667 பேர் தொடர்பான குற்றச்சாட்டுகள் இருந்ததாகச் சொன்னது. அந்தக் காலத்தில் பணியில் இருந்த குருக்களில் சுமார் 4 சதவீதம். 'குற்றம் சாட்டப்பட்டவர்கள்' என்பதை 'தண்டிக்கப்பட்டவர்கள்' என்று எழுதினால் தப்பு. அதேபோல, பலர் வெளியே சொல்லவே இல்லை என்பதால் உண்மை எண்ணிக்கை கோப்பில் இருப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

பிரான்சில் 2021-ல் வந்த அறிக்கையின் 2,16,000 என்பது மதிப்பீடு. மக்கள்தொகையில் ஏறக்குறைய 28,000 பேரிடம் கேட்டு அதிலிருந்து கணக்கிட்டது. மதிப்பீடு என்பதால் பொய் என்று ஆகாது. தேர்தல் கருத்துக்கணிப்பும் அதே முறைதான். ஆனால் தலைப்பில் 'மதிப்பீடு' என்ற சொல் இருக்கவேண்டும். அந்த அறிக்கையை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தது பிரெஞ்சு ஆயர்களே என்பதும் செய்தியில் இருக்கவேண்டும். பெரும்பாலான செய்திகளில் இந்த இரண்டில் ஒன்று இல்லை.

9. "அயர்லாந்துல 800 குழந்தைங்களை சாக்கடைத் தொட்டியில போட்டாங்கன்னு வந்தது பொய்தானே? அவங்களே மறுப்புப் போட்டாங்களாமே?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கதையின் நடுவில் நின்றுவிட்டவர்கள். டூவம் என்ற ஊரில் 1925 முதல் 1961 வரை, மணமாகாத தாய்மார்களுக்கான இல்லம் ஒன்றைக் கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். உள்ளூர் வரலாற்றை ஆராயும் கேத்தரின் கார்லெஸ், அங்கே இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றுகளைத் தேடி எடுத்தார். அவர்களைப் புதைத்த பதிவு எங்கும் இல்லை. 2014-ல் இது உலகச் செய்தியானபோது "800 பிணங்கள் கழிவுத் தொட்டியில்" என்று உறுதியாகத் தலைப்புகள் வந்தன. அன்றைக்கு அதற்கு ஆதாரம் இல்லை. மணமாகாத தாயின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்பதுதான் கத்தோலிக்கப் போதனை என்றும் எழுதினார்கள். அது சுத்தத் தவறு. அசோசியேட்டட் பிரஸ் அந்த ஜூனிலேயே திருத்தம் வெளியிட்டது.

உடனே நம் பக்கத்துப் பத்திரிகைகள் எல்லாம், பாருங்கள், கட்டுக்கதை என்று எழுதின. அங்கேதான் நாம் தவறினோம். அரசு ஆணையம் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்து, கண்டதை 2017 மார்ச்சில் வெளியிட்டது. நிலத்தடியில் இருபது அறைகளாகப் பிரிந்திருந்த கட்டமைப்பில், குறைந்தது பதினேழில் குழந்தைகளின் எலும்புகள் கணிசமாக இருந்தன. கருவில் 35 வாரம் ஆனவை முதல் இரண்டு மூன்று வயது வரை. 2021-ல் அந்தத் துறவற சபை மன்னிப்புக் கேட்டது. 2025-ல் முழு அகழ்வு ஆரம்பித்தது. தலைப்பு அவசரப்பட்டது, விவரங்களில் தப்பு இருந்தது, அடிப்படை விஷயம் உண்மை. கார்லெஸ் மட்டும் முதலிலிருந்தே தன்னிடம் இருந்த சான்றுகளைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இளம் நிருபர்களுக்குக் காட்டுவது அவரைத்தான்.

10. "'ஆயர் கைது'ன்னு போட்டிருந்தாங்க. நம்ம ஆயரோன்னு பதறிட்டோம். கடைசில யாரோ!"

இது தமிழுக்கே உரிய குழப்பம். கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், பேராயர் என்றால் உயர்மறைமாவட்டத் தலைவர். தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், பேராயர்தான் திருமண்டலத் தலைவர். ஆயர் என்பது ஒரு சபையைக் கவனிக்கும் குருவானவர். தனிச் சபைகளில் பாஸ்டர், போதகர். யாருக்கும் கீழே இல்லாமல் தானே ஒரு ஷெட் போட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவரையும், பல வருடப் பயிற்சியும் மேலதிகாரியும் உள்ள ஒருவரையும் ஒரே 'பாதிரியார்' என்ற சொல்லால் எழுதினால், யார் பொறுப்பு என்பதே தெரியாமல் போகும். எந்தச் சபை, அங்கே அவருக்கு என்ன பதவி, அவரை நியமித்தது யார். இந்த மூன்றும் முதல் இரண்டு பத்தியில் வரவேண்டும்.

11. "போப் ஓரினச் சேர்க்கைக் கல்யாணத்தை அனுமதிச்சிட்டாருன்னு டி.வி.யில சொன்னாங்களே?"

அனுமதிக்கவில்லை. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், அப்படிப்பட்ட இணையர் கேட்டால் குரு எளிமையாக ஆசி வழங்கலாம் என்றது. அது திருமணச் சடங்கு போலத் தோன்றவே கூடாது என்றும், திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்றும் அதே ஆவணம் சொன்னது. படிக்காமல் தலைப்புப் போட்டதன் விளைவு இது. கிரிக்கெட்டுக்கு எல்.பி.டபிள்யூ. தெரிந்த நிருபரை அனுப்புகிறோம். மதச் செய்திக்கு மட்டும் யார் ஓய்வாக இருக்கிறாரோ அவரை அனுப்புகிறோம். அமல உற்பவம் என்றால் மரியா கன்னியாக இயேசுவைப் பெற்றது என்று எத்தனையோ முறை என் மேசைக்கு வந்திருக்கிறது. மரியாவே ஜென்மப் பாவமில்லாமல் உருவானார் என்பதுதான் அதன் பொருள்.

12. "சாமியார்கள் கல்யாணம் பண்ணிக்காததுதான் காரணம்னு எழுதறாங்களே?"

ஜான் ஜே கல்லூரியின் இரண்டாவது அறிக்கை 2011-ல் வந்தது. துறவறம்தான் காரணம் என்பதை அது ஏற்கவில்லை. போதகர்கள் மணம் செய்துகொள்ளும் சபைகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பத்திரிகையும் சான் அன்டோனியோ பத்திரிகையும் சேர்ந்து தென் பாப்டிஸ்ட் சபைகளில் 700-க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதை வெளியிட்டன. இங்கிலாந்துத் திருச்சபையில் ஜான் ஸ்மைத் என்பவரின் கொடுமைகளைச் சரியாகக் கையாளவில்லை என்ற அறிக்கையால் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். கத்தோலிக்கரை மட்டும் குறிவைக்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இதுவே பதில்.

13. "நம்ம பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழுநோய் இல்லம்னு எவ்வளவு இருக்கு. அதை ஏன் எழுதறதில்ல?"

எழுதவேண்டும். ஆனால் தனியாக எழுதவேண்டும். ஒரு சிறுமியின் புகார்ச் செய்திக்குக் கீழே நம் கல்லூரிகளின் எண்ணிக்கையைப் போடச் சொன்னால், அவளுக்கு நடந்ததை அதை வைத்துக் கழித்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று அர்த்தமாகிவிடும்.

14. "தப்பா எழுதினா என்ன செய்யறது? ஊர்வலம் போகலாமா?"

ஊர்வலம் போனால் ஊர்வலம்தான் மறுநாள் செய்தி, தப்பு அப்படியே இருக்கும். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வாக்கியம் தவறு, சரியானது என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று ஒரே பக்கத்தில் ஆசிரியருக்கு எழுதுங்கள். ஆதாரத்தின் நகலை இணையுங்கள். ஏழு பக்கம் மனக்குமுறலை யாரும் படிப்பதில்லை. சொல்லியும் திருத்தவில்லை என்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் புகார் அனுப்பலாம். அது கண்டிக்கும், எச்சரிக்கும். அபராதம் போட அதற்கு அதிகாரமில்லை, தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது. இணையப் பதிப்பில் பழைய கைதுச் செய்தி அப்படியே கிடந்தால், விடுதலையை அதே பக்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேடுகிற எவனுக்கும் முதலில் கிடைப்பது அந்தப் பக்கம்தான்.

15. "நிருபர் போன் பண்ணினா ஃபாதர் எடுக்கறதே இல்ல. அது நல்லதுதானே? வாயைக் குடுத்து மாட்டிக்க வேணாம்ல?"

நல்லதில்லை. "தொடர்பு கொள்ள முயன்றும் பதில் இல்லை" என்ற ஒரு வரி வாசகன் மனதில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், நூறு தடவை நானே சேர்த்திருக்கிறேன். வழக்கின் உள்விவரம் பேச வேண்டாம். புகார் எந்தத் தேதியில் வந்தது, போலீசுக்கு எப்போது சொன்னோம், அவரைப் பணியிலிருந்து நிறுத்தினோமா, பாதிக்கப்பட்டவருக்கு யார் துணையாக இருக்கிறார்கள். இந்த நாலு கேள்விக்கும் பதில் இருந்தால் சொல்லிவிடலாம். இல்லையென்றால் பிரச்சினை நிருபரிடம் இல்லை. குழந்தை பற்றிய புகார் என்றால் போக்சோ 19-வது பிரிவின்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம், ஆயருக்குச் சொன்னால் மட்டும் போதாது. நியாயமாக எழுதுங்கள் என்று வெளியே கேட்கிற நாம், எழுதத் தேவையான உண்மையைக் கொடுக்காமல் இருந்துகொண்டு அதைக் கேட்க முடியாது.

16. "இதையெல்லாம் படிச்சிட்டு என் மகன் கோவிலுக்கே வரமாட்டேங்கிறான். அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

இதைக் கேட்டவர் என்னைவிட மூத்த ஒரு அக்கா. அவரிடம் சொன்னதையே எழுதுகிறேன். அவனிடம் பத்திரிகையைக் குறை சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அவன் படித்ததில் உண்மையானதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். "நடந்தது தப்பு, மறைச்சது அதைவிடத் தப்பு" என்று உங்கள் வாயிலிருந்து அவன் கேட்கட்டும். அப்புறம் அவன் படிக்காததைச் சொல்லுங்கள். 2018 செப்டம்பரில் கொச்சியில், முளய்க்கல் மீது புகார் கொடுத்த தங்கள் சகோதரிக்காக உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் தெருவில் உட்கார்ந்த ஐந்து கன்னியாஸ்திரீகளும் நம் சபைதான். லூசியானாவில் எழுதிய ஜேசன் பெரியும் நம் சபைதான்.

அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு வேலையும் செய்யலாம். பாலியல் புகார்களைப் பெறுவதற்கு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் மக்கள் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு இருக்கவேண்டும் என்று 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமே போட்டார். ஒரு வருட அவகாசம் கொடுத்தார். நம் மறைமாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு யார், போன் நம்பர் என்ன, அது ஏன் கோவில் அறிவிப்புப் பலகையில் இல்லை என்று அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.